இறங்க மறுத்த மூன்று கிலோ

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதக் காலையில், திண்டிவனத்தில் ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் இருந்த எடை மெஷின் மேல் ஏறி நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான். செருப்பை மட்டுமா? பர்ஸ், செல்போன், வாட்ச், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிக் கடைக்காரரின் கவுண்டரில் குவித்துவிட்டேன். மூச்சைக்கூட முழுசாக வெளியே விட்டுப் பார்த்தேன், காற்றுக்கும் ஏதாவது எடை இருக்கும் அல்லவா? பெல்ட் இல்லாத பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தால், நம்பரைத் தொப்பை மறைத்தது. "எவ்ளோங்க காட்டுது?" என்று கடைக்காரரையே கேட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நேத்து காட்டினதுதாங்க" என்றார். முந்தாநாளும் அதையேதான் சொன்னார்.

இன்னும் மூன்று கிலோ. அது மட்டும் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு என் இடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

நாற்பத்தெட்டு வயசில் இவன் யாருக்குக் காட்ட இளைக்கிறான் என்று நீங்கள் நினைக்கலாம். என் மனைவியும் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று சந்தேகப்பட்டிருப்பாள், விஷயம் தெரியாமல் இருந்திருந்தால். விஷயம் என் அக்கா.

எனக்கு வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். ஒரு டைல்ஸ் கடையில் மேனேஜர். மேனேஜர் என்றால், டைல்ஸை மற்றவர்கள் தூக்குவார்கள், நான் டீ கிளாஸைத் தூக்குவேன். தினமும் காலை பாசஞ்சரில் போய், சாயந்திரம் திரும்பி வருவேன். அக்கா திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட ஆறு வயசு மூத்தவள். ஒரு சொட்டு சாராயம் பட்டதில்லை அவள் நாக்கில், ஆனாலும் அவளுக்குக் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. எப்போதோ வந்த மஞ்சள்காமாலைக் கிருமி வெளியே போகாமல், உள்ளேயே சத்தம் காட்டாமல் குடித்தனம் நடத்தியிருக்கிறது. கால் வீங்கியது, வயிற்றில் நீர் கோர்த்தது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கல்லீரலை மாத்தணும். பதிவு பண்ணிட்டுக் காத்திருக்கலாம், ஆனா அதுவரைக்கும் இவங்க தாங்கணும். சொந்தத்துல யாராவது பாதி கொடுத்தா உடனே பண்ணலாம். கொடுக்கிறவங்களுக்கு அது திரும்ப வளர்ந்துடும்."

மாமாவுக்குச் சர்க்கரை. ஒரே மகள், ஓசூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது, அப்போது கைக்குழந்தைக்காரி. அந்த அறையில் மிச்சம் இருந்தது நான்தான். "நான் தரேன் டாக்டர்" என்று என் வாய் சொல்லிவிட்டது. மூளைக்குத் தகவல் போய்ச் சேர்ந்தபோது நாங்கள் கார் பார்க்கிங்குக்கு வந்துவிட்டிருந்தோம்.

ரத்தம் ஒத்துப்போனது. மற்றதும் ஒத்துப்போனது. கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "உங்க லிவர்லயே கொழுப்பு ஜாஸ்தியா இருக்கே."

"இதுக்கு எதுக்கு டாக்டர் ஸ்கேனு? எங்களக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்போமே" என்றார் மாமா.

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, ஒன்பது கிலோ குறைக்கச் சொன்னார். குறைத்தால் கல்லீரல் கொழுப்பும் இறங்கும், மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து நாள் குறிக்கலாம், இல்லாவிட்டால் என்னை வைத்து ஆபரேஷன் பண்ண முடியாது. "ரெண்டு மாசத்துக்குள்ள முடிங்க. அதுக்கு மேல போனா அவங்களுக்கு..." என்று சொல்லிக்கொண்டே போனவர், அக்கா பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சொந்தத்தில் கல்யாணமோ காரியமோ, எங்கே நாலு பேர் வட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாலும் நடுவில் நான் நின்றுகொண்டிருப்பேன். இதில் விட்டுவிடுவேனா? "பாதி லிவரை வச்சிக்கினு இனிமே நான் பாதி பேச்சுதான் பேசுவேன், காதுக்கு ரெஸ்ட் கிடைக்கும்" என்று மனைவியிடம் சொன்னேன். ரயிலில் கூட வருகிறவர்களிடம், "ஆபரேஷன் முடிஞ்சதும் எனக்கு அரை டிக்கெட் கேட்டுப் பார்க்கப் போறேன்" என்றேன். அக்கா வீட்டில் போய், "அக்கா, என் லிவரு உள்ள வந்ததும் நீயும் என்ன மாதிரி வாய்கிழியப் பேச ஆரம்பிச்சிடுவ, மாமா பாவம்" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு முடியாதவள், சிரிக்கவும் தெம்பு வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளுக்குள் என் நிலைமை வேறு. ரத்தம் எடுக்க ஊசியைக் காட்டியதுக்கே நான் கண் இருட்டிச் சாய்ந்து, நர்ஸ் அம்மா ஒரு ஃபைலால் எனக்கு விசிறிவிட வேண்டியிருந்தது. வயிற்றைக் கிழிப்பதென்றால்? ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், விக்கிரவாண்டி வரைக்கும் தைரியமாக இருப்பேன். பேரணி வரும்போது செல்போனை எடுத்து ஆபரேஷனைப் பற்றித் தேடுவேன். மயிலத்தில் வண்டி நிற்கும்போது எனக்குக் கை கால் நடுங்கும். எதிர் சீட்டில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருநாள், "இன்னா சார், காய்ச்சலா? மூஞ்சி வெளுத்துக் கீது" என்று கேட்டார். "ஏசி இல்லாத பெட்டி, அதான்" என்று ஏதோ உளறினேன்.

இளைக்கிற வேலையை மட்டும் ஒழுங்காகத்தான் பண்ணினேன். அதிகாலை முதல் பாசஞ்சரைப் பிடித்து, கடை திறப்பதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே திண்டிவனத்தில் இறங்கிவிடுவேன். மாமா ஸ்டேஷன் வாசலில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூவோடு நிற்பார். இரண்டு பேரும் ஏரிக்கரை மேல் நடப்போம். எனக்குக் கொழுப்பு, அவருக்குச் சர்க்கரை. "ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு அண்டாவுல போட்டுக் கிண்டினா அல்வா ஆயிடும் மச்சான்" என்பார். ஏரியில் அப்போது பாதித் தண்ணீர்தான். கரைக்கு அந்தப் பக்கம் மல்லாட்டைக் கொல்லைகள். மல்லாட்டை என்றால் உங்கள் ஊர் வேர்க்கடலை. பனி ஈரத்தில் அந்தச் செடி வாசனை கரை மேலே ஏறி வரும். வியர்க்க வியர்க்க நடப்போம். நடுவில் மாமா, "மூச்சு வாங்குது, நில்லு" என்பார். எனக்கு அவரைவிட அதிகமாக வாங்கும், ஆனால் அவர் சொல்கிற வரைக்கும் நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலை வெயிலை இப்போது நினைத்தாலும் கழுத்துப் பக்கம் இளஞ்சூடாக ஒரு தடவல் தெரிகிறது.

நடந்துவிட்டு நேராக அக்கா வீடு. அக்கா கேப்பைக் கூழ் கரைத்து வைத்திருப்பாள். "டாக்டரே கேப்பைதான் நல்லதுன்னுட்டாரு" என்று சொல்லி, ஒரு பெரிய சொம்பு நிறைய எனக்கு, ஒரு டம்ளர் மாமாவுக்கு, உப்பில்லாமல் ஒரு டம்ளர் அவளுக்கு. மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். தம்பி அதே ஊரில் வேலை செய்துகொண்டு ஓட்டலில் சாப்பிட்டால் அக்காவுக்கு அவமானம் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். உடம்பு முடியாத நேரத்தில் வேண்டாம் அக்கா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அடுப்புகிட்ட நிக்கிறதையும் வுட்டுட்டா நான் படுத்த படுக்கை ஆயிடுவேன்டா" என்றாள்.

சாயந்திரம் விழுப்புரம் திரும்பினால் மனைவியின் ஆட்சி. பீன்ஸையும் கோஸையும் வெந்நீரில் குளிப்பாட்டித் தலைகூடத் துவட்டாமல் தட்டில் வைப்பாள். கடை வாசல் பஜ்ஜி, சர்க்கரை போட்ட டீ, ரயிலில் வருகிற சமோசா எல்லாவற்றையும் விட்டேன். சமோசாக்காரர் ஒருநாள் என் எதிரில் நின்று, "சார், நம்ம மேல ஏதாச்சும் கோவமா?" என்றே கேட்டுவிட்டார்.

முதல் ஆறு கிலோ மளமளவென்று இறங்கியது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். கடைப் பையன்கள், "இன்னா சார், ஹீரோ மாதிரி ஆயிட்டீங்க" என்றார்கள். அப்புறம் நின்றது பாருங்கள், அப்படியே நின்றது! நடையை அதிகமாக்கினேன். மனைவி இரவுச் சாப்பாட்டில் இரண்டு சப்பாத்தியை ஒன்றாக்கினாள். கடை குடோனுக்குள் யாருக்கும் தெரியாமல் தோப்புக்கரணம் போட்டேன். பாத்ரூம் டைல்ஸ் பார்க்க வந்த ஒரு கஸ்டமர் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ வேண்டுதல் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அந்த மூன்று கிலோ மட்டும் அசையவில்லை. மெடிக்கல் ஷாப் மெஷின் மேல் சந்தேகம் வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் அரிசி மண்டியில் மூட்டை எடை போடுகிற தராசில் ஏறினேன். அது இன்னும் அரைக் கிலோ அதிகமாகக் காட்டியது.

நான் மெஷின்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அக்காவின் வயிறு மறுபடி வீங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை சென்னைக்குக் கூட்டிப்போய் நீரை எடுத்துவிட்டு வந்தோம். இரண்டாவது தடவை திரும்பி வந்தபோது, காரிலிருந்து வாசல் வரைக்கும் நடக்க அவளுக்கு மாமாவின் தோளும் என் தோளும் தேவைப்பட்டன. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. டாக்டர் கொடுத்த கெடு முடியப்போகிறது, என் எடை அப்படியே நிற்கிறது.

வீட்டில் மனைவி என் சட்டையை மோந்து பார்க்க ஆரம்பித்தாள். "உண்மையச் சொல்லுங்க, வெளிய ஏதாவது சாப்பிடுறீங்களா?" குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணினேன். "நீங்க நாத்திகம் பேசுற ஆளாச்சே" என்று அதையும் தள்ளிவிட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. மாமா கேட்டதுதான். ஒருநாள் காலை ஏரிக்கரையில் பாதித் தூரம் போனதும் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்து நானும் நின்றேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மச்சான், ஒண்ணு கேட்டா கோச்சிக்கக் கூடாது."

"சொல்லுங்க மாமா."

"உனக்கு மனசு இல்லன்னா சொல்லிடு. தப்பே இல்ல. உனக்கும் குடும்பம் கீது. நான் வேற வழி பார்க்கிறேன். ஆனா குறைக்கிறேன் குறைக்கிறேன்னு சொல்லிக்கினு, தெரியாம எங்கியாச்சும் தின்னுட்டு, அவள நம்ப வைக்காதடா. அது பாவம்."

முப்பது வருஷமாக என்னோடு சிரித்துப் பேசிய மனிதர், கண்ணில் தண்ணீர் கட்டி நிற்கிறார். நான் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குப் பயம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியுமே! ஒருவேளை என் பயம்தான் அந்த மூன்று கிலோவாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறதோ என்று அந்த நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. திரும்பி நடந்தேன். அவர் என் பின்னாலேயே வந்தார். அவ்வளவு தூரத்தையும் நாங்கள் பேசாமல் நடந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குப் போனதும் அக்கா வழக்கம்போலச் சொம்பை நீட்டினாள். "வேணாம்" என்றேன். "ஏன்டா?" என்றாள். "எடை குறையல. இனிமே பச்சைத் தண்ணிதான்." அக்கா சொம்பைக் கீழே வைக்கவில்லை, "குடிடா, கூழுதானே" என்று மறுபடி நீட்டினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். தான் பேசியதால்தான் எனக்குக் கோபம் என்று மாமாவுக்குச் சங்கடம். சமாதானம் பண்ணுகிற மாதிரி, "சரி, கொடு, அவன் அப்புறம் குடிப்பான். எனக்குத் தாகமா கீது" என்று அக்கா கையிலிருந்து சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தார்.

பாதியில் நிறுத்தினார். சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். மீசையை நாக்கால் துழாவினார். மறுபடி ஒரு வாய் குடித்தார்.

"இன்னாம்மே இது?" என்றார் அக்காவிடம். "எனக்கு மட்டும் தினம் கழுநீர் மாதிரி ஊத்துற. இவனுக்கு இன்னா பாயசம் கரைக்கிற?"

நானும் வாங்கி ஒரு வாய் குடித்தேன். எப்போதும் குடிக்கிற அதே கூழ்தான். கெட்டியாக, வழவழவென்று, தொண்டையில் இறங்கும்போதே சொக்கவைக்கிற கூழ். அக்கா கைமணம் என்று நினைத்து நான் தினம் சொம்பு சொம்பாக உள்ளே தள்ளியது. அப்போதுதான் மாமாவின் டம்ளரை எடுத்து அதிலும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அது தண்ணீர் மோரில் கரைத்தது. சொம்பில் இருந்தது வேறு. மல்லாட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால். அதில் புளிப்புக்குக் கொஞ்சம் மோர். மேலே மினுமினுவென்று நெய். அத்தனை நாளாக டயட் என்று சொல்லிக்கொண்டு நான் குடித்தது, குத்துச்சண்டைக்காரனுக்குக் கொடுக்கிற தீனி!

நாங்கள் இருவரும் அக்காவைப் பார்த்தோம். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. என் தோளைத் தொட்டு ஒரு அழுத்து அழுத்திவிட்டு, மோட்டாரை நிறுத்தப்போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். மோட்டார் ஓடவே இல்லை.

"ஏன்க்கா?" என்றேன்.

மறுபடி கேட்டேன். தண்ணீர் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "எடை குறையலன்னா வுட்டுடுவாங்க இல்ல?"

"யாரை?"

"உன்னத்தான்."

"நான் வுடச் சொன்னனா? நான்தானே தரேன்னு சொன்னேன்."

"வாய் சொல்லும். நீ பயந்துகினு கீறது எனக்குத் தெரியாதா?"

"யாரு பயந்தாங்க? நான் ஜாலியா எல்லாரையும் சிரிக்க வச்சிக்கினு..."

"அதத்தான்டா நானும் சொல்றேன்" என்று திரும்பினாள். "பள்ளிக்கூடத்துக்கு ஊசிக்காரன் வந்தா நீ இன்னா பண்ணுவ? நெனப்பு கீதா?"

எங்களுக்குச் சொந்த ஊர் கண்டாச்சிபுரம் பக்கம். அப்பாவும் அம்மாவும் விடிந்தால் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். என்னைப் பார்த்துக்கொள்வது அக்காதான். மாசத்தில் ஒருநாள் கறி எடுத்தால், அதில் ஈரல் ஒன்றிரண்டு துண்டுதான் இருக்கும். அவள் தட்டில் விழுந்ததும் என் தட்டுக்கு வந்துவிடும். ஒரு கணக்குப் பார்த்தால் எனக்கு முதலில் ஈரல் கொடுத்தவளே அவள்தான். பள்ளிக்கூடத்துக்கு அம்மை ஊசி போட ஆள் வந்தால் நான் ஓடிப்போய் மல்லாட்டைக் கொல்லையில் படுத்துக்கொள்வேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, யாராவது தேடி வந்தால், "அவன் எங்க மாமா ஊருக்குப் போயிட்டான் சார்" என்று கூசாமல் பொய் சொல்வாள்.

"அந்தக் கொல்லையில ஒளிஞ்சிக்கினு இருக்கச்சகூட, அந்த ஊசிக்காரன் மாதிரியே பேசிக் காட்டி என்னச் சிரிக்க வைப்ப. ஒடம்பெல்லாம் ஒதறும், வாய் மட்டும் நிக்காது. பயம் வந்தாத்தான்டா உனக்கு வேடிக்கப் பேச்சு வரும். டாக்டரப் பார்த்துட்டு வந்த நாள்லேர்ந்து நீ வாயவே மூடல. எல்லாரும் சிரிக்கிறாங்க, எனக்கு அந்தக் கொல்லைதான் நெனப்பு வருது. நீ அவ்ளோ பயந்துகினு வந்து படுத்து, உனக்கு ஒண்ணு ஆயிட்டா, நான் பொழைச்சி எழுந்து யார் மூஞ்சில முழிக்கிறது? நான் பேரப்புள்ள பார்த்துட்டேன். உம் பொண்ணு இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கல."

வேண்டாம் என்று நேராகச் சொன்னால் நான் கேட்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமலே என்னைக் கழற்றிவிட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, சோறு போடுவது. என் எடை மளமளவென்று இறங்குவதைப் பார்த்ததிலிருந்து, நிற்க முடியாத காலோடு விடியலில் எழுந்து, மல்லாட்டையை அரைத்து, துணியில் பிழிந்து, தன் சாவுக்குத் தானே நாள் நெருக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ, "இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா" என்று கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறேன்.

பழக்கதோஷத்தில் ஏதாவது ஒரு ஜோக் சொல்லி அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட வரவில்லை.

"ஆமாக்கா" என்றேன். "பயமாத்தான் கீது. ரயில்ல வரும்போதே கை கால் ஒதறுது. ஆனா நீ இல்லாத ஊர்ல அந்த ரயிலவிட்டு எறங்கி நான் எங்க போவேன்? அத நெனச்சா இதவிடப் பயமா கீது."

அக்கா ஈரக் கையோடு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "லூசு" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் இரண்டு பேரும் அழுததை எழுத வேண்டாம், டைல்ஸ் கடையில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா அந்தச் சொம்பை எடுத்துக் கொட்டப் போனாள். வாசலிலிருந்து மாமா குரல் மட்டும் உள்ளே வந்தது. "கொட்டிடாத, கொட்டிடாத, நான் குடிச்சிக்கிறேன்!" "சர்க்கரையை வச்சிக்கினு சும்மா இருங்க!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம். அக்கா சிரித்துவிட்டாள். அந்த இரண்டு மாசத்தில் அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

டாக்டரிடம் கெஞ்சி இன்னும் சில வாரம் கெடு வாங்கினோம். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. அவளுக்கு என்ன சாப்பாடோ அதுதான் எனக்கும். எதிரெதிரே உட்காருவோம். சாப்பிடுவதற்கு முன்னால் திடீரென்று தட்டை மாற்றிக்கொள்வேன், அதனால் எதையும் கலக்க முடியாது. உப்பில்லாத கூழை நீங்கள் குடித்திருக்கிறீர்களா? ஈரச் சுவரை நக்குவது மாதிரி இருக்கும். இத்தனை நாளாக இதையா இவள் முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருந்தாள் என்று முதல் வாயோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். "இன்னாடா, நல்லா கீதா?" என்பாள். "அமிர்தம்" என்பேன். அந்தச் சில வாரங்கள் எங்கள் சின்ன வயசு மாதிரி இருந்தன. கல்யாணம், பிள்ளை, வேலை என்று அவரவர் வழியில் ஓடிய பிறகு, தினமும் அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட எனக்கு எங்கே நேரம் இருந்தது? ஊரில் இருந்த கிணறு, பக்கத்து வீட்டு முட்டுகிற மாடு, அம்மா கொண்டுவரும் பனங்கிழங்கு என்று பழசையெல்லாம் கிளறிக்கொண்டே அந்த உப்பில்லாத சாப்பாட்டைத் தள்ளினோம். அந்த மூன்று கிலோ எப்போது போனது என்றே தெரியாது. பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட வேண்டியிருந்தது, அப்போதுதான் கவனித்தேன்.

"கொழுப்பு நல்லா குறைஞ்சிருக்கு" என்றார் டாக்டர், இரண்டாவது ஸ்கேனைப் பார்த்துவிட்டு. "ஸ்கேன்லதான் டாக்டர்" என்றாள் என் மனைவி.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கமிட்டி எங்களைக் கூப்பிட்டு விசாரித்தது. அது சட்டமாம். "உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "ஆமா சார், ரொம்ப வற்புறுத்தினாங்க. கொடுக்காதன்னு. ஒரு மாசத்துக்கு மேல மல்லாட்டைப் பால் கொடுத்து வற்புறுத்தினாங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முழுக்கதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கேட்டு முடித்ததும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆபரேஷன் அன்று என்னைத்தான் முதலில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வழியில் அக்காவின் அறை வாசலில் ஸ்ட்ரெச்சரை ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். பச்சை அங்கியும் தலையில் குல்லாவுமாக அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டேய், ஒரு ஜோக்கு சொல்லிட்டுப் போடா" என்றாள். நான் வாயைத் திறந்தேன், மூடினேன். ஒன்றும் வரவில்லை. அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஜோக்கு வரலியா? அப்ப பயம் போயிடுச்சி" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். உண்மையில் பயத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நான் திருத்தவில்லை.

இரண்டு பேரும் பிழைத்தோம். அக்கா இப்போது மாத்திரை போட்டுக்கொண்டு, மாமாவோடு ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். ஆஸ்பத்திரி, பேரப்பிள்ளை இரண்டுக்கும் அது வசதி. திண்டிவனத்து வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. நான் மட்டும் அதே பாசஞ்சரில் வந்து இறங்குகிறேன். போன எடையில் பாதி திரும்பி வந்துவிட்டது, அதனால் காலையில் ஏரிக்கரையில் நடக்கிறேன், தனியாக. மூச்சு வாங்கினால் நானே நின்றுகொள்ள வேண்டியிருக்கிறது. மத்தியானம் ஓட்டலில் சாப்பிடுகிறேன். சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிர் நாற்காலியில் யாரோ ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார். அந்த நேரத்தில் அந்தக் கெட்ட காலம்கூட எனக்கு ஏக்கமாக வருகிறது.

சொந்தக்காரர்கள் என்னை எங்கே பார்த்தாலும், "அக்காவுக்கு உயிர் கொடுத்தவன்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் பெருமையாக அறிமுகப்படுத்துகிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே கும்பிடு போடுகிறேன். நான் கொடுத்தது டாக்டர் சொன்ன மாதிரியே எனக்குத் திரும்ப வளர்ந்துவிட்டது. ஆனால் செத்தாலும் பரவாயில்லை, தம்பி மேல் கத்தி படக் கூடாது என்று அந்த வீங்கிய காலோடு ஒருத்தி எனக்காக நின்றாளே, அதற்குச் சமமாகக் கொடுக்க என் உடம்பில் எதுவும் இல்லை என்பது மட்டும் ஒவ்வொரு நாளும் திண்டிவனம் ஸ்டேஷனில் கால் வைக்கும்போது எனக்குத் தெரிகிறது.